உபரி காட்டச் சொல்கிறார்கள், நான் என்ன செய்வது?

கேள்வி: தென் மாவட்ட மாநகராட்சி ஒன்றில் முதல்முறையாக ஜெயித்து வந்த கவுன்சிலர் நான். பி.காம். படித்தவள் என்பதால் வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழுவுக்குத் தலைவராக்கிவிட்டார்கள். வரும் மார்ச்சில் மாமன்றத்தில் பட்ஜெட்டை நான்தான் வாசிக்க வேண்டும். கணக்குப் பிரிவில் கேட்டால், "நாங்க எல்லாம் ரெடி பண்ணித் தருவோம், நீங்க வாசிச்சா போதும் மேடம்" என்கிறார்கள். வரைவு கைக்கு வந்தது. அதில் சில கோடி உபரி காட்டியிருக்கிறார்கள். ஆனால் பில் பாக்கி என்று கான்ட்ராக்டர்கள் வந்து காத்துக் கிடப்பதை நானே பார்க்கிறேன். அப்படியானால் உபரி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "பற்றாக்குறைன்னு வாசிச்சா எதிர்க்கட்சி விடாது, பேப்பர்ல வந்துடும்" என்று பதில் வந்தது. போன பட்ஜெட்டில் என் வார்டுக்கு அறிவித்த மழைநீர் வடிகால் வேலை இன்னும் தொடங்கவே இல்லை. தெருவில் இறங்கினால் மக்கள் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். இந்தப் புத்தகத்தை எப்படிப் படிப்பது, எதை மாற்றச் சொல்வது, மன்றத்தில் எப்படிப் பேசுவது என்று சொல்ல முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத மாமன்ற உறுப்பினர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய வரைவுப் பக்கங்களைப் படித்தேன். உள்ளாட்சிக் கணக்கு வேலையிலேயே காலம் தள்ளியவன் என்கிற முறையில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "உபரி எங்கே?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்த ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போனாலே பட்ஜெட்டில் பாதி சரியாகிவிடும். உங்கள் வார்டு வடிகால் ஏன் தொடங்கவில்லை என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

புத்தகத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் நேரே நான்கு எண்கள் இருக்கும். போன ஆண்டின் அசல் கணக்கு, நடப்பு ஆண்டுக்குப் போட்ட மதிப்பீடு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு. எல்லோருடைய கண்ணும் நான்காவது எண்ணுக்குத்தான் போகும். பேச்சிலும் அதைத்தான் எழுதித் தருவார்கள், பத்திரிகையிலும் அதுதான் வரும். நீங்கள் முதல் எண்ணிலிருந்து படியுங்கள். நான்கில் நடந்து முடிந்தது அது ஒன்றுதான். மற்ற மூன்றும் எதிர்பார்ப்புகள்.

உங்கள் வரைவிலிருந்தே காட்டுகிறேன். ஊர் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக எண்களை மாற்றி, விகிதத்தை மட்டும் ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறேன். சொத்து வரி அசல் வசூல் 31 கோடி. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் 27, 29. ஆண்டுக்கு இரண்டு கோடி கூடுகிற ஊர். ஆனால் நடப்பு ஆண்டுக்குப் போட்ட மதிப்பீடு 45 கோடி. டிசம்பர் முடிய வசூலானது 22 கோடிதான். திருத்திய மதிப்பீட்டில் அதை 33, 34 என்று இறக்கியிருக்க வேண்டும். இறக்காமல் 42 என்று எழுதியிருக்கிறார்கள். மீதி மூன்று மாதத்தில் 20 கோடி வருமாம். அந்த 42-ஐ அடிப்படையாக வைத்து வரும் ஆண்டுக்கு 50 கோடி. புத்தகம் காட்டும் மொத்த உபரி 3 கோடி. சொத்து வரியை நியாயமாக 35 கோடி என்று போட்டால் 15 கோடி குறைகிறது. அப்போது உபரி போய் 12 கோடி பற்றாக்குறை நிற்கிறது. ஒரே ஒரு தலைப்பைத் தொட்டதற்கே இது.

இப்படி எழுதுவதில் யாரும் பணம் எடுத்துக்கொள்வதில்லை, அதனால் இதை யாரும் பெரிய தப்பாக நினைப்பதும் இல்லை. ஆனால் சேதம் பெரிது. 50 கோடி வரும் என்று நம்பி 50 கோடிக்கு வேலைகளை ஒதுக்குகிறார்கள். எஸ்டிமேட் போட்டு, டெண்டர் விட்டு, ஒர்க் ஆர்டரும் கொடுத்தாகிவிடுகிறது. கான்ட்ராக்டர் வேலையை முடித்து வேலையின் அளவை எழுதும் பதிவேடான எம்.புக்கில் பதிந்து பில்லைக் கொடுக்கும்போது பெட்டியில் பணம் இல்லை. பில் நிற்கிறது. அடுத்த டெண்டருக்கு அவர் வருவதில்லை. வந்தாலும், பணம் வர ஒரு வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டு விலையைக் கூட்டிச் சொல்கிறார். கூடுதல் விலை என்று டெண்டர் தள்ளுபடி ஆகிறது. மறு டெண்டர் வைத்தால் ஆளே இல்லை. உங்கள் வடிகால் கோப்பை வாங்கிப் பாருங்கள். நிர்வாக அனுமதியோடு நின்றிருக்கிறதா, டெண்டருக்கு யாரும் வராமல் நின்றிருக்கிறதா, வராத மானியத்தை நம்பி எழுதிய வேலையா என்று கோப்பைப் புரட்டினால் தெரிந்துவிடும். இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

சொத்து வரியை எப்படிச் சரியாக மதிப்பிடுவது? வருவாய்ப் பிரிவில் கேட்பு (மக்கள் கட்ட வேண்டிய வரி), வசூல், நிலுவைப் பட்டியல் இருக்கும். டி.சி.பி. என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். நடப்புக் கேட்பு தனி, பழைய நிலுவை தனி. வார்டு வாரியாகக் கேளுங்கள். அப்புறம் நிலுவையை மட்டும் எடுத்துக்கொண்டு பில் கலெக்டர்களோடு உட்காருங்கள். இடித்துவிட்ட வீட்டுக்கும் வரி எண் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே கட்டடத்துக்கு அப்பா பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று என்று இரட்டை வரிவிதிப்பு இருக்கும். நீதிமன்றத்தில் நிற்பது, அரசுக் கட்டடங்களிலிருந்து வர வேண்டியது என்று இன்னும் சில. இவையெல்லாம் சேர்ந்துதான் நிலுவை மலைபோலத் தெரிகிறது. இந்த ஆண்டு வசூலாகக்கூடிய நிலுவை எவ்வளவு என்று தனியாகப் பிரித்து, அதை மட்டும் பட்ஜெட்டில் எழுதச் சொல்லுங்கள். இரட்டைப் பதிவை நீக்க ஆணையர் வழியாக முறைப்படி நடவடிக்கை எடுக்கலாம். அதற்கு ஒரு பைசா செலவு கிடையாது.

இன்னொரு காரணத்தாலும் இந்தத் தலைப்பு வீங்கும். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரி உயர்ந்தது நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே வீடுகளுக்கு, 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏற்றினார்கள். 2008-க்குப் பிறகு நிலைத்து நின்ற முதல் பொதுச் சீராய்வு அது. ஒன்றிய அரசின் வரிப் பணத்தைப் பகிரப் பரிந்துரைக்கும் 15-வது நிதிக்குழு நகர்ப்புற மானியத்துக்குச் சொத்து வரியை நிபந்தனையாக வைத்ததும் அதற்கு ஒரு காரணம். அந்த ஓர் ஆண்டுத் துள்ளலை வைத்து, வரி எப்போதும் அதே வேகத்தில் கூடும் என்று மதிப்பீடு எழுதும் பழக்கம் சில இடங்களில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சீராய்வு நடந்த ஆண்டை ஒதுக்கிவிட்டு, அதன் பின் வந்த ஆண்டுகளின் வளர்ச்சியை மட்டும் பாருங்கள்.

சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது, வரியில் 10 சதவீதம். அது மாநகராட்சியின் பணம் இல்லை, நூலகத் துறைக்குப் போய்ச்சேர வேண்டியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற செலவைச் சமாளிப்பது பல உள்ளாட்சிகளில் நடக்கிறது. புத்தகம் வாங்கக் காசில்லாமல் கிளை நூலகங்கள் கிடப்பதைப் பார்க்கும்போது மனசு வலிக்கும். உங்கள் ஊரில் எவ்வளவு பாக்கி என்று ஒரு வரி கேட்டு வாங்குங்கள்.

மற்ற வரவுகளில் இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒன்று, பத்திரப்பதிவில் முத்திரைத் தீர்வையோடு வசூலாகும் 2 சதவீத மேல்வரி. ஊரில் மனை வியாபாரம் நன்றாக நடந்தால் கூடும், படுத்தால் குறையும். பதிவுத் துறை வழியாக வர வேண்டும் என்பதால் தாமதமும் ஆகும். மூன்று ஆண்டுச் சராசரியைப் போடுவதே நல்லது. இரண்டாவது, மாநில நிதிக்குழு மானியம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. உங்கள் மாநகராட்சியின் பங்கு அதிலிருந்து வருகிறது. இதில் கவனிக்க வேண்டியது பிடித்தம். குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது, கடன் தவணை, ஓய்வூதியப் பங்களிப்பு என்று மேலேயே பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவது உண்டு. வரவில் முழுத் தொகையைக் காட்டினால் பிடித்தத்தைச் செலவில் காட்டியிருக்க வேண்டும். வரவில் முழுசு, செலவில் பிடித்தம் இல்லை என்றால் அங்கே இன்னொரு பொய் உபரி பிறந்துவிடும். உங்கள் வரைவில் கடன் தவணைப் பிடித்தம் செலவுப் பக்கத்தில் இருக்கிறது. வாரியத்துக்கான பிடித்தம் எனக்குக் கண்ணில் படவில்லை. கேளுங்கள்.

தொழில் வரியில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க அரசியலமைப்பின் 276-வது பிரிவு விடாது. ஆனால் புதிதாக வந்த கடைகள், மருத்துவமனைகள், பயிற்சி மையங்கள் பட்டியலில் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்தால் கொஞ்சம் கூடும். 

அடுத்து, மொத்த உபரி என்ற வார்த்தையையே நம்பாதீர்கள். சென்னைக்கு வெளியே உள்ள நம் மாநகராட்சிகளில் மூன்று நிதிகள் தனித்தனியாக ஓடுகின்றன: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978-லிருந்து தனி வாரியத்திடம் இருப்பதால் அங்கே கதை வேறு. உங்கள் ஊரில் குடிநீர் நிதிதான் பெரிய ஓட்டை. நீரேற்றும் மோட்டார்களுக்கு மின்கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு வாரியக் கட்டணம், குழாய் உடைப்பு என்று செலவு ஏறிக்கொண்டே போகும்; குடிநீர்க் கட்டணமோ பல ஆண்டுகளாக அதே இடத்தில் நிற்கும். கல்வி நிதியில் உபரி இருக்கிறது. வீட்டுவரியோடு சேர்த்து மக்கள் பள்ளிக்கென்று கொடுத்த பணம் அது. அதை எடுத்துத் தெருவிளக்கு மின்கட்டணம் கட்ட முடியாது. மூன்றையும் கூட்டி ஒரு மொத்தம் போட்டால் கல்வி நிதியின் உபரி, குடிநீர் நிதியின் பள்ளத்தை மூடி மறைத்துவிடும். மன்றத்தில் மூன்று நிதிக்கும் மூன்று எண்களாகவே வாசியுங்கள். ஒரு நிதியிலிருந்து இன்னொரு நிதி வாங்கிய கடன் எவ்வளவு நிற்கிறது என்பதையும் சொல்லுங்கள். கல்வி நிதியில் பணம் இருக்கிறதென்றால் மாநகராட்சிப் பள்ளிகளில் கழிப்பறைக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதைக் கட்டாயம் கேளுங்கள்.

செலவுப் பக்கத்துக்கு வருவோம். கேள்வியே இல்லாமல் கொடுத்தாக வேண்டியவை முதலில்: சம்பளம், ஓய்வூதியம், தூய்மைப் பணிக்கான ஒப்பந்தத் தொகை, மின்கட்டணம், வாரியக் கட்டணம், கடனுக்கு அசலும் வட்டியும். இவற்றை ஒரே தாளில் எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். நியாயமாக மதிப்பிட்ட சொந்த வரவு மற்றும் நிதிக்குழு மானியத்திலிருந்து இதைக் கழித்தால் கிடைப்பதுதான், மன்றமாகிய நீங்கள் முடிவெடுக்க உண்மையில் கையில் இருக்கும் பணம். பல ஊர்களில் அது பார்ப்பவர்கள் திகைக்கும் அளவுக்குச் சிறியது. அந்தச் சின்னத் தொகையில்தான் எல்லா வார்டுக் கோரிக்கைகளும் இறங்க வேண்டும். இது தெரிந்துவிட்டால் பட்ஜெட்டுக்கு முந்தைய கூட்டங்களில் பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும்.

பழைய பில் பாக்கி உங்கள் வரைவில் எங்கேயும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். தமிழ்நாட்டின் நகர உள்ளாட்சிகள் 2000-களின் தொடக்கத்திலேயே நிகழ்வுமுறைக் கணக்குக்கு மாறியவை. அதாவது பணம் கைமாறாவிட்டாலும், கொடுக்க வேண்டியது கொடுக்க வேண்டியதாகவே இருப்புநிலைக் குறிப்பில் நிற்கும். ஆகவே பில் பாக்கி எவ்வளவு என்று தெரியாது என யாரும் சொல்ல முடியாது. இருப்புநிலைக் குறிப்பைக் கேளுங்கள். பொறுப்புகள் பக்கத்தில் ஒப்பந்ததாரர்களுக்குச் செலுத்த வேண்டியது ஒரு தொகையாக இருக்கும். வரும் ஆண்டுச் செலவில் முதல் ஒதுக்கீடு அதற்குத்தான் போக வேண்டும். பாக்கியில் பாதியாவது அடைந்தால்தான் உங்கள் டெண்டருக்கு ஆள் வருவார்கள்.

மூலதன வேலைகளில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அரசாணை வராத மானியத்தை வரவில் எழுதக்கூடாது. அம்ருத் 2.0, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், நமக்கு நாமே என்று திட்டப் பெயர்களைப் பேச்சில் அடுக்குவது எளிது. ஒவ்வொன்றுக்கும் அனுமதி ஆணை இருக்கிறதா, மாநகராட்சிப் பங்குத் தொகை எவ்வளவு, அது எந்தத் தலைப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நமக்கு நாமே என்றால் மக்கள் பங்களிப்பு கட்டியாகிவிட்டதா என்றும் பாருங்கள். ஆணை இல்லாதவற்றைத் தனிப் பட்டியலாகப் பின்னிணைப்பில் வைத்து, "நிதி கிடைத்தால் செய்யப்படும்" என்று தலைப்பிடுங்கள். ஒன்றிய நிதிக்குழு மானியத்திலும் அப்படியே. 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்குக் கொடுத்ததில், மக்கள்தொகை பத்து லட்சத்துக்குக் குறைந்த நகரங்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டிய பணம். 16-வது நிதிக்குழுவின் காலம் 2026 ஏப்ரல் 1 முதல். பழைய தொகையையும் பழைய நிபந்தனையையும் அப்படியே நகலெடுத்து எழுதாமல், வந்திருக்கும் ஆணையைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

கட்டி முடித்த பிறகு ஓட்டுகிற செலவையும் கேட்காமல் விடாதீர்கள். புதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கும்போது எல்லோரும் சந்தோஷப்படுகிறோம். அடுத்த மாதத்திலிருந்து அதன் மின்கட்டணமும் ஆட்களின் கூலியும் உங்கள் தலையில். மானியம் கட்டடத்துக்கு வரும், பராமரிப்புக்கு வராது. உங்கள் வரைவில் இரண்டு புதுப் பூங்காக்கள் இருக்கின்றன, தோட்டப் பராமரிப்புத் தலைப்பில் தொகை போன ஆண்டு போட்டதே. இரண்டு வருடத்தில் அந்தப் பூங்காக்கள் பூட்டிக் கிடக்கும் என்பது இந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

சரி, உங்களை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். பற்றாக்குறை என்று வாசித்தால் என்ன ஆகும்?

எதிர்க்கட்சி பேசும், பத்திரிகையில் வரும், உண்மைதான். ஆனால் பற்றாக்குறை பட்ஜெட் என்பது கேள்விப்படாத ஒன்றில்லை. சென்னை மாநகராட்சியே அண்மை ஆண்டுகளில் பற்றாக்குறையை வெளிப்படையாகச் சொல்லித் தாக்கல் செய்திருக்கிறது. உங்கள் மேயரையும் ஆணையரையும் தாக்கலுக்கு மூன்று வாரம் முன்பே சந்தித்து இதைப் பேசுங்கள். மன்றத்தில் போய் முதல்முறையாகச் சொன்னால் அவர்களைச் சங்கடப்படுத்தியதாகிவிடும், அது கூடாது. போகும்போது வெறும் பற்றாக்குறையைக் கொண்டுபோகாதீர்கள். அதைக் குறைக்கும் வழியையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வரிப் பட்டியலில் ஏறாத கட்டடங்களை மின் இணைப்பு எண்ணோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது, தொழில் வரிப் பதிவைப் புதுப்பிப்பது, அரையாண்டின் முதல் 30 நாளில் வரி கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பதை ஏப்ரலிலேயே தெருத்தெருவாகச் சொல்வது, இந்த ஆண்டு புது வேலைகளைக் குறைத்துப் பழைய பாக்கியை அடைப்பது. பற்றாக்குறை 12 கோடி, ஆண்டு முடிவில் அதை 6-ஆக்குவோம், இப்படித்தான் ஆக்குவோம் என்று சொல்லும் தலைவரை யாரும் எளிதில் மடக்க முடியாது. 3 கோடி உபரி என்று வாசித்தவரை, வாசலில் நிற்கும் ஒரு கான்ட்ராக்டரே மடக்கிவிடுவார்.

அதிகாரிகள் மேல் கோபப்பட வேண்டாம். உபரி காட்டச் சொல்லி மேலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். கணக்கு அலுவலரிடம், "உங்களுக்குச் சரி என்று படும் எண்ணை எனக்குத் தனியாக எழுதிக் கொடுங்கள்" என்று மரியாதையாகக் கேட்டால், பெரும்பாலானவர்கள் நிம்மதியாக எழுதிக் கொடுப்பார்கள்.

பேச்சைப் பற்றி. உங்களுக்கு வந்திருப்பது 40 பக்கம். அதில் முதல் ஆறு பக்கம் நன்றியும் பாராட்டும். அதை ஒரு பத்தியாக்கிவிடுங்கள். அடுத்து உடனே போன ஆண்டு அறிவிப்புகளுக்கு வாருங்கள். எத்தனை அறிவித்தோம், முடிந்தவை எவை, நடப்பவை எவை, தொடங்காதவை எவை, ஏன் தொடங்கவில்லை. உங்கள் வார்டு வடிகாலும் அந்தக் கடைசிப் பட்டியலில் வரட்டும், மறைக்காதீர்கள். அதன் பிறகு மூன்று நிதிகளின் நிலை, பில் பாக்கி, கடன். அப்புறம்தான் புது அறிவிப்பு. புது அறிவிப்பு ஒவ்வொன்றுக்கும் தொகை, பணம் வரும் வழி, தொடங்கும் மாதம் மூன்றும் அதே வாக்கியத்தில் இருக்கட்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் அந்த அறிவிப்பு இந்த ஆண்டுக்குத் தயாராகவில்லை என்று அர்த்தம். அரசுகளின் பட்ஜெட்டில் ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு வட்டப்படம் போடுவார்களே, அது ஒன்றைத் தயாரித்து மன்றத்தின் வாசலிலும் மண்டல அலுவலகங்களிலும் ஒட்டுங்கள். தூய்மைப் பணிக்கு ஒரு ரூபாயில் எத்தனை பைசா போகிறது என்று தெரிந்தால் குப்பையைத் தரம் பிரிப்பது பற்றி மக்களோடு பேசுவது சுலபமாகும்.

புத்தகத்தைத் தாக்கல் அன்று காலையில் உறுப்பினர்கள் மேசையில் வைக்கிற வழக்கத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். ஐந்து நாள் முன்னால் கொடுக்க முடியாதென்றால், தாக்கலை ஒரு நாளும் விவாதத்தை இன்னொரு நாளும் வைக்க மேயரைக் கேளுங்கள். சென்னையில் அப்படி நடப்பதுண்டு. படிக்க ஒரு ராத்திரியாவது கிடைத்தால் எதிர்க்கட்சிக் கவுன்சிலரும் கூச்சலைக் குறைத்துக் கணக்கைக் கேட்பார். அது உங்களுக்கு நல்லதுதான்.

மக்களிடம் கேட்டுப் பட்ஜெட் எழுதலாமா என்றால், தாராளமாக. 2022-ல் வந்த விதிகளின்படி உங்கள் வார்டுக்கு வார்டு குழுவும், வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைகளும் இருக்கின்றன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் மாநிலம் முழுக்கக் கூடின. பட்ஜெட் மார்ச்சில் என்றால் மக்களைக் கேட்க வேண்டியது அக்டோபர், நவம்பரில். பிப்ரவரியில் கேட்டால் எஸ்டிமேட் போடவே நேரம் இருக்காது. புனே மாநகராட்சி 2006-லிருந்து வார்டு அலுவலகங்களில் படிவம் வைத்துச் சிறு வேலைகளுக்கு மக்களின் ஆலோசனையை வாங்கிப் பட்ஜெட்டில் சேர்க்கிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல் தொடங்கிய முறையின் சின்ன வடிவம் அது. நடைபாதை, தெருவிளக்கு, பேருந்து நிழற்குடை மாதிரி வேலைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். இந்த ஆண்டு நேரம் தாண்டிவிட்டது. பகுதி சபையில் ஒதுக்கீட்டுத் தொகையை முதலில் சொல்லிவிட்டு, அதற்குள் எது வேண்டும் என்று அடுத்த அக்டோபரில் கேளுங்கள். தொகை சொல்லாமல் கேட்டால் வருவது வெறும் ஆசைப் பட்டியல்தான்.

இப்போதைக்குக் கணக்குப் பிரிவிலிருந்து நான்கு தாள்கள் வாங்குங்கள்: மூன்று ஆண்டு அசல் வரவு-செலவு, வார்டு வாரி டி.சி.பி., பில் பாக்கிப் பட்டியல், கடன் தவணை அட்டவணை. இவை ரகசியம் இல்லை. பட்ஜெட் ஒதுக்கீட்டையும் செலவையும் தானாகவே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 4-வது பிரிவு சொல்கிறது. நீங்கள் குழுத் தலைவர் வேறு.

பட்ஜெட் நிறைவேறிய பிறகு, ஜூலை, அக்டோபர், ஜனவரி மூன்று மாதங்களின் முதல் குழுக் கூட்டத்திலும் "மதிப்பீடு இவ்வளவு, வந்தது இவ்வளவு, செலவானது இவ்வளவு" என்ற ஒரு பக்கத் தாளைப் பொருளாக வைக்க இப்போதே தீர்மானம் போட்டுவிடுங்கள். வரவு குறைந்தால் எந்த வேலைகளை நிறுத்துவது என்ற வரிசையையும் அந்தத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். அக்டோபர் தாள் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.